காரம் உண்டு

என் மனைவியைத் தோட்டத்தில் எல்லோரும் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. தள்ளி நின்று பார்த்தால் முகத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அதற்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடந்துவிட முடியாது.

நான் அந்தத் திராட்சைத் தோட்டத்தில் வண்டி ஓட்டுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, பழம் பொறுக்கும் வரிசையில் நின்ற ஒரு பெண், யாரும் கேட்காமலே, “உங்க வண்டியில ஏதோ கருகுது” என்றாள். என் வண்டியைப் பற்றி எனக்கே சொல்ல இவள் யார் என்று சுருக்கென்றது. முறைத்துவிட்டுப் போய்விட்டேன். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது கிளட்ச் போய், வண்டி பாதி வழியில் படுத்துக்கொண்டது. மறுவருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். பயத்தில்தான் கட்டிக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அது முழுப் பொய் இல்லை.

அவள் மேலே வந்ததும் அந்த மூக்கால்தான். நிலவறைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவள், வரிசையில் நாலாவது பீப்பாய் காடியாகத் திரும்புகிறது என்று சொல்லியிருக்கிறாள். அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் சிரித்தார். முதலாளியம்மா சிரிக்கவில்லை, பீப்பாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார். அடுத்த வாரம் மூக்கியின் கையில் ஒரு கிளாஸும், காலடியில் துப்புவதற்கு ஒரு வாளியும் இருந்தன. எட்டாவதோடு படிப்பு நின்றவள் அவள். ஒயினைப் பற்றிப் புத்தகங்களில் எழுதுகிற சொற்கள் எதுவும் அவளுக்குத் தெரியாது. சொந்தமாகச் சில சொற்கள் வைத்திருந்தாள். பென்சில் சீவிய தூள், நனைந்த சாக்கு, பால் ஊற்றாத தேநீர், பழுக்காத வாழைக்காய். அவள் சொன்னால் முதலாளியம்மாவுக்குப் புரியும், எங்களுக்கும் புரியும்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். நாக்கிலோ மூக்கிலோ பட்டதை அவளால் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சரி, யார் பரிமாறினாலும் சரி, பட்டதைச் சொல்லிவிடுவாள். எத்தனையோ சாப்பாட்டு மேஜைகளுக்கு அடியில் அவள் காலை மிதித்திருக்கிறேன். என் செருப்புதான் தேய்ந்தது.

அந்தப் பழக்கத்தால்தான் என் அக்காவோடு பேச்சு நின்றது. அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போய்விட, என்னைக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தவள் அவள்தான். தோட்டத்துச் சமையலறை அவளுடையது. இருபது பேருக்கு மதியச் சாப்பாடும், முதலாளியம்மாவின் விருந்தாளிகளுக்கு விருந்தும் அவள் கையில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், முதலாளியம்மாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்தில், மூக்கி ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது” என்றாள். அடித்தது உண்மைதான். ஒரு பானை சாப்பாடு அப்படியே கொட்டப்பட்டது. முதலாளியம்மா அத்தனை பேர் முன்னால் அக்காவைக் கேட்ட கேள்விகளை நான் திருப்பிச் சொல்ல விரும்பவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டாள். “உன் பொண்டாட்டிக்கு எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா எழுதிக் கொடுக்கச் சொல்லு. என் முன்னாடி அவ வாயத் திறக்கக் கூடாது.”

அன்றிலிருந்து நான் தபால்காரன். விருந்து என்றால் எந்த ஒயினுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று மூக்கி ஒரு சீட்டில் எழுதுவாள். நான் எடுத்துப்போய்க் கொடுப்பேன். ஆரம்பத்தில் இரண்டு முறை, சமாதானம் செய்துவைக்கலாம் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். சீட்டைக் கொடு, வாயை மூடு. இந்த விதியோடு இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டு வருஷத்தில் சாப்பாட்டில் காரம் ஏறிக்கொண்டே போனது. கோபத்தை அரைத்துப் போடுகிறாள் என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் மிளகாய் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டிக்குப் போய்விடுவேன்.

இனி அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பின்பக்கம், வெயில் சரியாக எட்டிப் பார்க்காத ஒரு மேட்டுச் சரிவு இருக்கிறது. காலை பத்து மணிவரை மூடுபனி விலகாது. கீழே பழம் பறித்து முடித்து மூன்று வாரம் ஆன பிறகுதான் அங்கே பழம் சிவக்கும். சிவந்த பிறகும் இனிப்பு கொஞ்சம், புளிப்பு அதிகம். எப்போதும் அதைக் கீழ்த்தோட்டத்துப் பழத்தோடு கலந்துவிடுவோம். மூக்கிதான் கலக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். இந்தக் குளிரில் மெதுவாகப் பழுத்ததற்கு ஒரு தனி முகம் இருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள் என்று முதலாளியம்மாவோடு மல்லுக்கட்டித் தனியாக ஒயின் போட வைத்தாள்.

வந்த ஒயினின் நிறம் மெலிசு. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். முதலில் புளிப்பு, பிறகு பல்லோரத்தில் இலேசான துவர்ப்பு, மூக்கில் அப்போதுதான் உடைத்த மிளகின் வாசனை. எனக்குப் பிடித்திருந்தது. வாங்க வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. கெட்டியாக, கறுப்பாக, வாய் நிறைய இனிக்கிற ஒயினுக்குப் பழகியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்டார்கள். இரண்டு வருஷச் சரக்கு நிலவறையிலேயே கிடந்தது. முதலாளியம்மா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் வேரோடு பிடுங்கிவிட்டு வேறு கொடி வைக்கலாம் என்று முடிவெடுத்தார். மூக்கியிடம், இனி நீ பழைய இடத்துக்கே, பழம் பொறுக்கப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஒரே ஒருவர்தான் மிச்சம். ஊர் ஊராக ஹோட்டல்களுக்கு ஒயின் கொடுக்கிற ஒரு வியாபாரி. எங்கே போனாலும் கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும் என்பதால் நாங்கள் அவரை நோட்டுக்காரர் என்போம். தனியாகக் குடித்துப் பார்த்துச் சொல்ல மாட்டேன், சாப்பாட்டோடுதான் குடிப்பேன், செவ்வாய்க்கிழமை மதியம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டால் சரிவு பிழைக்கும். இல்லையென்றால் புதன்கிழமை காலையில் வேர் பிடுங்கும் இயந்திரம் மேலே ஏறும். திங்கட்கிழமையே அந்த மஞ்சள் இயந்திரம் வந்து சரிவின் அடியில் நின்றுகொண்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அதுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மூக்கி சீட்டு எழுதினாள். வழக்கமாக, இன்ன பதார்த்தம் என்று பெயரோடு எழுதுவாள். இந்தமுறை முதலாளியம்மா, வாத்து சமைக்கச் சொல்லியிருக்கிறேன், எப்படிச் சமைப்பது என்பதைச் சமையல்காரம்மாவே பார்த்துக்கொள்ளட்டும், ஒயின் எப்படியிருக்கும் என்பதை மட்டும் எழுதிக் கொடு என்று சொல்லியிருந்தார். அதனால் எழுதினது இவ்வளவுதான்:

குளிர்ச்சரிவு சிவப்பு. மதியம் ஒரு மணி.
மெலிசு. புளிப்பு தூக்கல். துவர்ப்பு அளவு. காரம் உண்டு.

மடித்துக் கொடுக்கும்போது, “இது ஒயினப் பத்தி எழுதினதுன்னு அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றாள். நான் ம் என்றேன்.

சமையலறையில் அக்கா வாத்தின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“வேற ஏதாவது சொன்னாளா?”

“இல்ல” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அதுதான் என் பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. வண்டியில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவளுக்குத் தெரியாதா என்ன என்று சாவியைத் திருகினேன்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே கால் மணிக்கு நிலவறையிலிருந்து பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் இருமல் வந்தது. கண் கரித்தது. எனக்குப் பின்னாலேயே மூக்கி வந்துகொண்டிருந்தாள். இந்த ஒயின் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் வாய்க்கு நன்றாக இருக்கும், அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். வாசற்படியோடு நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாக அந்தப் படியை அவள் தாண்டியதில்லை.

“என்னங்க, மிளகாய் நெடி வருது. ஆளுங்க சாப்பாடா அது?”

நான் அடுப்பைப் பார்த்தேன். ஒரு பானையில் ஆட்களுக்கான பயறும் காளானும் வெந்துகொண்டிருந்தன. இன்னொன்றில், நல்ல பீங்கான் தட்டுகளுக்குப் பக்கத்தில், சிவந்த தண்ணீரான குழம்பில் வாத்து மிதந்தது. அது யாருக்கு என்று அக்காவைக் கேட்டேன். விருந்தாளிக்கு என்றாள்.

மூக்கியின் முகம் வெளுத்துவிட்டது. அதில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு ஒயினைக் குடித்துப் பாருங்கள் என்றாள். குடித்தேன். நான் விரும்பிக் குடிக்கிற ஒயின் அது, எனக்கு அடையாளமே தெரியவில்லை. துவர்ப்பு முழுக்கக் கசப்பாக மாறி நாக்கின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டது. பழத்தின் ருசி போன இடம் தெரியவில்லை. தொண்டையில் சாராயம் மட்டும் எரிந்தது. ஆணியைச் சப்பியது போல் இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் மூக்கி.

“கசக்குது” என்றேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். மெலிசு என்று எழுதியிருந்தது, குழம்பை நீர்க்க விட்டிருக்கிறாள். புளிப்பு தூக்கல் என்று இருந்தது, நாலு எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறாள். துவர்ப்புக்கு என்ன செய்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து, அக்ரூட் பருப்பைத் தோலோடு அரைத்துப் போட்டிருக்கிறாள். காரம் உண்டு என்று இருந்தது, அதனால் காரமும் உண்டு.

“எழுத்துக்கு எழுத்து செஞ்சிருக்கேன். இதுல எது தப்புன்னு கேளு” என்றாள்.

மூக்கி சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சொன்னீர்களா என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தச் சமையலறைத் தரையில் ஒரு கல் விரிசல் விட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

அந்த நேரம் பார்த்து வெளியே கார் வந்து நின்ற சத்தம். நோட்டுக்காரர் நாற்பது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். முதலாளியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சரிவைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன், அரை மணி நேரம், அதற்குமேல் என்னால் இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

மூக்கி படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“அண்ணி, தப்பு என்னோடது. அது ஒயினப் பத்தி எழுதினது. காரம்னு எழுதினது அதுல வர்ற மிளகு வாசனைய.”

தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டவன் நான் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

“வாசனையா” என்றாள் அக்கா. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை வெடிக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். மூக்கி இன்னும் கிட்டே போனாள். இவ்வளவு காரம் போட்டிருக்கிறீர்களே, ருசி பார்த்தபோது தெரியவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

“தெரிஞ்சுது. அது மட்டுந்தான் தெரியுது.”

அப்புறம் அக்கா பேசியது எல்லாம் மூக்கியைப் பார்த்துத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. நாக்குக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, மிளகாயின் எரிச்சல் தெரிகிறது. மற்றது எல்லாம் ஒன்றுதான். வெங்காயம் வதங்கியதைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறாள். வெந்ததா என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். மிளகாயைப் போட்டால்தான் வாயில் ஏதோ இருக்கிறது என்றாவது தெரிகிறது, அதனால் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகிறது.

“அன்னைக்கு அந்த எண்ணெய் அடிச்ச வாடை சத்தியமா எனக்குத் தெரியல. நீ சொல்லித்தான் தெரியும். பேச்ச நிறுத்திட்டா நீ சமையக்கட்டுக்கு வர மாட்ட, கண்டுபிடிக்க மாட்டன்னு நெனச்சேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணி.”

“மூக்கு செத்த சமையல்காரிய யாரு வேலைக்கு வச்சுப்பாங்க?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது பேர் சேர்ந்து மிளகாய் என்று சிரித்தோம், அதில் என் சிரிப்பும் இருந்தது. ஆனால் அவர்கள் இருவரும் என்னைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மூக்கி கடிகாரத்தைப் பார்த்தாள். கையில் என்ன இருக்கிறது அண்ணி என்று கேட்டாள். மறுநாளைக்கென்று உப்பு தடவிக் குளிர்பெட்டியில் வைத்த வாத்து நெஞ்சுக்கறி இருந்தது. ஆட்களுக்கு வெந்த பயறும் காளானும் இருந்தன. மிளகாய் எப்போதும் கடைசியில்தான் விழும், அதில் இன்னும் விழவில்லை. அடுப்புக்குள் தோலோடு சுட்ட பீட்ரூட் நாலு இருந்தது.

இருபத்தைந்து நிமிஷம். அக்கா கறியின் தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சூடேறாத வாணலியில் தோல் கீழே படும்படி வைத்து, பிறகு அடுப்பை மூட்டினாள். கொழுப்பு உருகி இறங்கும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். மூக்கி மற்ற அடுப்பில் நின்று, இன்னும் கொஞ்சம், இப்போது போதும், வெண்ணெய் கருகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் கை ஓட, இவள் மூக்கு பார்த்துக்கொண்டது. எலுமிச்சையை அக்கா எடுத்தபோது மூக்கி வேண்டாம் என்றாள். ஒயினிலேயே புளிப்பு இருக்கிறது, சாப்பாடு கொழுப்பும் உப்பும் கொடுத்தால் போதும், இரண்டும் ஒரே பாட்டைப் பாடக் கூடாது என்றாள்.

“மிளகாவது தட்டிப் போடவா?” என்று கேட்டாள் அக்கா.

“அது கிளாஸ்ல இருக்கு, அண்ணி.”

வெளியே பேச்சுக்குரல் நெருங்கியது. தட்டில் பயறையும் காளானையும் பரப்பி, பீட்ரூட்டை வைத்து, மேலே கறியை அரிந்து வைத்து அக்கா நீட்டினாள். ருசி பார்க்க அவள் கரண்டியை எடுக்கவில்லை. மூக்கிதான் எடுத்து வாயில் வைத்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஒரு சிட்டிகை உப்பு என்றாள் மூக்கி.

நோட்டுக்காரர் ஒல்லியான மனிதர். முகத்தை வைத்து அவர் நினைப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் தனியாக ஒரு வாய் குடித்தார். கிளாஸைச் சாய்த்து நிறத்தைப் பார்த்தார். நோட்டில் ஒரு வரி எழுதினார். எதிரே உட்கார்ந்து எழுதுகிறவர்களின் குறிப்பைத் தலைகீழாகப் படித்துப் பழகிய மூக்கிக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது, அவள் தோள் இறங்கியதில் எனக்கும் தெரிந்தது. பழைய பாட்டுதான், தண்ணீர். பிறகு அவர் சாப்பிட்டார், குடித்தார், மறுபடி சாப்பிட்டார். மூக்கி தன் சொற்களைச் சொன்னாள். புளிப்பான செர்ரிப் பழம், சுட்ட பீட்ரூட், உடைத்த மிளகு, மழையில் நனைந்த சருகு. அவர் கேட்டுக்கொண்டார். என்னிடம் குடிக்க வருகிறவன் சருகைத் தேட மாட்டான், புளிக்கிறது என்று திருப்பி அனுப்புவான் என்றார். முதலாளியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். மஞ்சள் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் நோட்டுக்காரர் சமைத்தவரைக் கூப்பிடுங்கள் என்றார். அக்கா வந்து நின்றாள். அவர் தன் கையாலேயே ஒரு கிளாஸில் ஊற்றி, தட்டில் ஒரு துண்டு வைத்து அவளிடம் நகர்த்தினார்.

“நீங்க சமைச்சதோட சேத்துக் குடிச்சுப் பாருங்க. என்ன வாசனை வருது, சொல்லுங்க.”

 மூக்கி வாயைத் திறந்தாள். அவள் சொன்னால் அக்கா தப்பித்துவிடலாம், ஆனால் ஏன் இவள் முந்திக்கொண்டு பேசுகிறாள் என்று முதலாளியம்மாவே கேட்பார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் மூடி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அக்கா கறியை மென்றாள். கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.  இன்னொரு வாய் குடித்தாள்.

“வாசனையெல்லாம் அவகிட்ட கேளுங்க, அது அவ வேலை” என்றாள். “எனக்கு வாய்க்குள்ள நடக்கிறதுதான் தெரியும். கறியோட கொழுப்பு நாக்குல படிஞ்சு கிடக்கு. இதக் குடிச்சா அத வழிச்சுக் கழுவி விட்ட மாதிரி ஆயிடுது. திரும்பவும் பசிக்குது.”

நோட்டுக்காரர் மறுபடி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு துண்டு கறி வாயில் போட்டுக்கொண்டு ஒயினைக் குடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு துண்டு. தட்டு காலியானதும் அவரே அதை வியப்பாகப் பார்த்தார். திரும்பவும் பசிக்குது என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நோட்டில் எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினார். நிலவறையில் இருப்பது முழுவதையும் அனுப்பிவையுங்கள், பாட்டிலோடு வைக்கிற அட்டையில் இந்த அம்மா சொன்னதை அப்படியே போடுங்கள் என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளியம்மாவுக்கு மனது நிறைந்திருந்தது. ஆனால் அவர் கெட்டிக்காரர். ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் சாப்பாட்டில் காரமே இல்லை, ருசி பார்த்தது யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அக்கா அடுப்பைத் துடைப்பதை நிறுத்தினாள். பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத என் மனைவி, முதலாளியம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணிதான்.”

ஐந்து மணிக்கு இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு வருஷமாக அக்கா நடந்துதான் வீட்டுக்குப் போவாள், நாங்கள் இருக்கும் வண்டியில் ஏற மாட்டாள். எங்களுக்கு முன்னால் மஞ்சள் இயந்திரம் மெதுவாக மலையிறங்கிக்கொண்டிருந்தது. முந்திப்போக இடமில்லை. அதன் பின்னாலேயே உருண்டோம். அடுத்த விருந்துக்கு என்ன செய்வது, காலையில் மூக்கி எத்தனை மணிக்குச் சமையலறைக்கு வர வேண்டும், யாருக்கும் சந்தேகம் வராமல் எப்படி என்று இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நடுவில் மூக்கி என் பக்கம் திரும்பினாள்.

“நான் அந்தக் காரம் வாய் பொறுக்காம வீட்லருந்து சாப்பாட்ட டப்பால கட்டிட்டு வந்தேன். நீங்க ரெண்டு வருஷமா அவங்க சமைச்சதத்தான் சாப்பிட்டீங்க. ஒருநாள்கூட ஏன்னு கேக்கல?”

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். விடு, சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், ஊட்டினதை முழுங்கிவிடுவான் என்று அக்கா சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

அக்காவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கிக் கதவைச் சாத்தப் போனபோது, இரண்டு வருஷமாகக் கேட்காததை ஒருவழியாகக் கேட்டேன்.

“அக்கா, உனக்கு எப்ப காய்ச்சல் வந்துது? எனக்குத் தெரியவே இல்லையே.”

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

“நீதானடா மருந்து வாங்கிட்டு வந்து கொடுத்துட்டுப் போன.”